நான் இடம் மாற்றி நட்ட சிலுவை

துக்க வீட்டார் பேரம் பேசமாட்டார்கள். ரசீது கேட்கமாட்டார்கள். சொன்ன தொகையை மேசைமேல் வைத்துவிட்டு, "பெட்டிய எத்தனை மணிக்குக் கொண்டு வரலாம்?" என்று மட்டும் கேட்பார்கள். கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இதைத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெறும்வரை மறக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் இப்போது சுவர்க் கல்லறை கட்டுகிறார்கள். தரையில் இடம் தீர்ந்துவிட்டது. அதனால் பின்மதிலை ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சிமெண்ட் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் கல்லால் ஒரு மூடி. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். அலுவலகத்தில் இப்போது மேனேஜராக இருக்கும் இளைஞர் வீடு தேடி வந்து, "உங்க எக்ஸ்பீரியன்ஸ நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார். புதுசா வந்திருக்கிற பசங்க படிக்கட்டும்" என்றார். நல்ல பிள்ளை. நான் என்ன எழுதுவேன் என்று அவருக்குத் தெரியாது. எழுதிவிட்டேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் பொறுப்பு. தோட்டத்தின் பெயரையும் பங்குக் கோயிலின் பெயரையும் எழுதவில்லை. அங்கே படுத்திருப்பவர்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். என் பெயர் இன்னாசிமுத்து. அதை மறைக்க வேண்டியதில்லை.

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. கல்லூரி வேலைக்கு அலைந்து, கிடைக்காமல், அல்சூரில் ஒரு டுட்டோரியலில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவனைப் பங்குச்சாமியார்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். "நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்ச கத்தோலிக்கப் பையன் வேணுமாம். போய்ச் சேரு. காலேஜ் வேலை வந்தா விட்டுடலாம்" என்றார். காலேஜ் வேலை வரவில்லை. முதல் சில வருடங்கள் சிலுவைகளில் எழுதும் வாசகங்களின் எழுத்துப்பிழைகளைத் திருத்தியதுதான் என் படிப்புக்குக் கிடைத்த உபயோகம்.

வேலை என்னவென்றால் இதுதான். சாவுச் செய்தி வரும். பங்குச்சாமியாரின் கடிதம் இருக்கிறதா, ஆஸ்பத்திரிச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இடம் ஒதுக்க வேண்டும். குழி எவ்வளவு ஆழம், பெட்டி எவ்வளவு அகலம் என்று வெட்டியானிடம் சொல்ல வேண்டும். கால் பக்கம் சிற்றாலயத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மூடிய பிறகு மண் மேடாக நிற்கும். ஒரு மழைக்காலம் போனால் இறங்கிவிடும், மறுபடி கொட்டி நிரப்ப வேண்டும். கல்லறைகளில் இரண்டு வகை. பணம் கட்டி நிரந்தரமாக வாங்குவது கட்டின கல்லறை. கல்லும் சலவைக்கல்லும் வைத்துக்கொள்ளலாம். மற்றது மண் கல்லறை. ஏழைகளுக்கு. அதில் ஒரு சிலுவை மட்டும் நடலாம். பத்து வருடம் கழித்துத்தான் அதைத் திறந்து இன்னொருவரை வைக்க வேண்டும் என்பது விதி. திறக்கும்போது உள்ளே இருக்கும் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, சாமியார் மந்திரித்த பிறகு, அதே குழியின் அடியில் இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

விதி நல்ல விதி. அதை எழுதியவர்கள் பயபக்தி உள்ளவர்கள்.

எனக்கு மேலே கமிட்டிச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் இருந்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் பெரிய கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலைப் பூசை, நன்மை என்கிற நற்கருணை. அதன் பிறகு நேராக அலுவலகம். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெஞ்சுப் பையில் ஜெபமாலை. துக்க வீட்டார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். தானே தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். இறந்தவரின் ஞானஸ்நானப் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சின்ன ஜெபம் சொல்வார். கேட்பவர்கள் அழுவார்கள். அழுது முடித்ததும், "மத்த விஷயமெல்லாம் இன்னாசி பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த மத்த விஷயம்தான் பணம். கமிட்டி நிர்ணயித்த தொகைக்குமேல் எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் என்னிடம் இவ்வளவு வாங்கு என்று சொன்னதில்லை. காசை விரலால் தொட்டதுமில்லை. கவரைக் கொண்டுபோனால், மேசையில் இருக்கும் அந்தோணியார் சுரூபத்தை லேசாகத் தூக்குவார். கவரை அடியில் வைப்பேன். சுரூபத்தை இறக்கி வைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். மாலையில் அதிலிருந்து என் பங்கு தனிக் கவராக என் மேசைக்கு வந்திருக்கும். ஆரம்பத்தில் ஒருமுறை, "சார், இது தப்பில்லையா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"இன்னாசி, கேளு. பணக்காரன் இங்க குடுக்கலேன்னா நாளைக்கு கிளப்ல குடுப்பான். கடவுள் வீட்டு வாசல்ல குடுத்தா அவனுக்கும் புண்ணியம். உனக்குச் சம்பளம் என்ன? கமிட்டி உன்னைக் கவனிக்குதா? கர்த்தர் கவனிக்கிறார்னு வச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். அவர் பேச்சில் மயங்கினேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அந்தக் காரணம் அப்போது எனக்குத் தேவையாக இருந்தது.

சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் செய்வது சிறுவயதிலிருந்து என் பழக்கம். அதையும் விடவில்லை. சாமியார் உட்காரும் கூண்டின் தட்டிக்கு இந்தப்பக்கம் முழங்காலிட்டு, "பொருளாசைப்பட்டேன் சாமி" என்பேன். எந்தப் பொருள், யாருடையது என்று சாமியார் கேட்டதில்லை. வரிசையில் இன்னும் இருபது பேர் நிற்பார்கள். மூன்று அருள் நிறைந்த மந்திரம் பரிகாரமாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்குவேன். திங்கட்கிழமை சுரூபத்தின் கீழ் கவர் வைப்பேன். பாவத்தின் வகையை மட்டும் சொல்லிப் பாவத்தைச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி அருளப்பனைப் பற்றி.

அவர் பொம்மசந்திராவில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஹெப்பகோடியில் ஒற்றை அறை வாடகை வீடு. மனைவி லூர்து. ஒரே மகள் ஜெசிந்தா, ஒன்பது வயது. டெங்குக் காய்ச்சலில் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ்காரன் கேட்ட தொகை அவரிடம் இல்லை. அவர்கள் பங்குக்கு அப்போது சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது. சாமியாரின் கடிதத்தோடு எங்களிடம் வந்தார்.

நல்ல மழை. குழந்தைகள் வரிசை பின்பக்கம், தாழ்வான இடம். முழங்கால் தண்ணீர் நின்றது. கன்னடம் கலந்து பேசும் வெட்டியான் முனியப்பா, "அங்க வெட்டினா பொட்டி மிதக்கும் சார்" என்றார். முன்வரிசையில், சிற்றாலயத்துக்குப் போகும் பாதை ஓரத்தில், ஒரு பழைய கல்லறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இடம் காலியாக இருந்தது. பெரியவர்களுக்குப் போதாது. குழந்தைக்குப் போதும். அங்கே வெட்டச் சொன்னேன். கமிட்டித் தொகைக்குமேல் எதுவும் வாங்கவில்லை. அவரைப் பார்த்தால் வாங்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

குழந்தைக்குப் புதுநன்மை உடுப்பு போட்டிருந்தார்கள். வெள்ளை கவுன், தலையில் முக்காட்டு வலை. அந்த வருடம்தான் முதன்முதலாக நன்மை வாங்கியிருந்தாள். லூர்து அழவில்லை. பெட்டியை மூடும்போது, "கவுனு மடிஞ்சிருக்கு, கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, குனிந்து மடிப்பை நீவிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அருளப்பன் ஓர் இரும்புச் சிலுவையோடு பஸ்ஸில் வந்தார். கம்பெனியில் மீந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி, அவரே பற்றவைத்தது. வெள்ளி நிறப் பெயிண்ட். குறுக்குக் கம்பியில் தமிழில் ஜெசிந்தா என்று இரும்பிலேயே எழுத்து. மண் கல்லறைக்கு அவ்வளவு நல்ல சிலுவையை நான் பார்த்ததில்லை. "அரைச் சாண் உள்ள காங்க்ரீட் போட்டுக்கலாமா சார்? சாயாம நிக்கும்" என்று கேட்டார். விதிப்படி கூடாது. போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதுவரை நான் அவருக்கு நல்லவன்.

மூன்றாம் வருடம். பள்ளிக்கூடங்கள் நடத்தும் ஒரு பெரிய குடும்பத்தில் தாயார் இறந்துபோனார். முன்வரிசையில், பாதை ஓரத்தில், இரட்டைக் கல்லறை வேண்டும் என்றார்கள். பின்னால் தகப்பனாருக்கும் சேர்த்து. ஸ்தனிஸ்லாஸ் வழக்கம்போல் எழுந்து நின்றார், தண்ணீர் கொடுத்தார், ஜெபம் சொன்னார். அவர்கள் போனதும் என்னை அந்தப் பழைய கல்லறைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"இது காலாவதி ஆனதுதானே?"

"ஆமா சார். ஆனா இரட்டைக்கு அகலம் பத்தாது. பக்கத்துல அந்தக் குழந்தை இருக்கு."

"மண் கல்லறைதானே?"

"மூணு வருஷம்கூட முடியல சார்."

அவர் சிலுவையைப் பார்த்தார். எழுத்தைப் படித்தார். ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "இடம் இருக்கான்னு கேட்டா இல்லைன்னுதான் தோணும் இன்னாசி. இடம் பண்ண முடியுமான்னு யோசி. உன் வீட்டு விஷயம் என்ன ஆச்சு?"

என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். லீசுக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒரு ஃபிளாட் பார்த்து, பேங்க் லோனும் கிடைத்துவிட்டது. முன்பணத்தில் கொஞ்சம் துண்டு விழுந்தது. எவ்வளவு துண்டு விழுகிறது என்று முந்தின வாரம் அவரிடம் நானே சொல்லியிருந்தேன். என் குழந்தைகள் பட்டினி கிடக்கவில்லை. யாருக்கும் ஆபரேஷன் இல்லை. இன்னொரு வாடகை வீட்டுக்குப் போயிருக்கலாம். போக விருப்பமில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் முனியப்பாவிடம் சொன்னேன். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா இருக்கிற எடமா சார்?"

"ஆமா."

"சாமியார் வர்றாரா?"

"வரல."

"நீங்க நிப்பீங்கல்ல?"

நான் நிற்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கடிதத்துக்குப் பதில் எழுதினேன். செங்கல் வைத்துக் கட்டும் கல்லறை என்பதால் தரை முழுவதும் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது. அதே குழியின் அடியில் வைக்க வழியில்லை. மத்தியானம் முனியப்பா கை கழுவிக்கொண்டு வந்தார்.

"ஆய்த்து சார். பின்னாடி பொதுக் குழியில போட்டாச்சு." கொஞ்சம் நின்றார். "அந்த வெள்ளை கவுனு மக்கவே இல்ல சார். நைலான் போல. அதுலயே சுருட்டித்தான் எடுத்தேன்."

பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு பொதுக் குழி உண்டு. உரியவர்கள் யாரென்று தெரியாத எலும்புகளுக்காக எப்போதோ வெட்டியது. மேலே சிமெண்ட் பலகை. ஜெசிந்தாவுக்கு உரியவர்கள் ஹெப்பகோடியில் இருந்தார்கள்.

சிலுவையைக் காங்க்ரீட்டோடு பெயர்த்து, பின்மதில் ஓரத்தில் கொஞ்சம் மேடான இடத்தில் நடச் சொன்னேன். அங்கே கீழே யாரும் கிடையாது, வெறும் தரை. நாலு கூடை மண் கொட்டி மேடு கட்டினார்கள். மேட்டின் நீளம் அதிகமாகிவிட்டது என்று நான்தான் குறைக்கச் சொன்னேன். ஒன்பது வயதுக் குழந்தையின் மேடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமே.

கவர் வந்தது. முன்பணம் கட்டினேன். இந்தக் கட்டுரையை அந்த ஃபிளாட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. அன்று தோட்டம் திருவிழாபோல் இருக்கும். குடும்பம் குடும்பமாக வந்து புல் பிடுங்கி, கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூ பரப்பி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அன்று காலையில் அருளப்பனும் லூர்தும் பூக்கூடையோடு முன்வரிசையில் வந்து நின்றார்கள். எதிரே பளபளவென்று சலவைக்கல். அருளப்பன் பாதையின் இரு பக்கமும் பார்த்தார். சிற்றாலயத்தைப் பார்த்து, தூரத்தைக் கண்ணால் அளந்தார். வழி தவறி வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார். நான் அலுவலக வாசலிலிருந்து எழுந்து போனேன். பேச வேண்டியதை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அருளப்பன், வாங்க. உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். இங்க தண்ணிக் குழாய் உடைஞ்சு போச்சு. பாப்பா இருக்கிற இடத்துல ஈரம் இறங்கிடுச்சு. அதனால பின்னாடி மேட்டுப் பக்கமா மாத்தி வச்சிருக்கோம். பத்திரமா. சாமியார் வந்து மந்திரிச்சார்."

லூர்து என் முகத்தையே பார்த்தாள். "கவுனு?" என்றாள்.

"எல்லாம் அப்படியே."

மதில் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிலுவையைக் கண்டதும் அருளப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்கள மாதிரி ஆளுங்களுக்கு யாரு சார் இவ்ளோ பண்ணுவா? வேற எடமா இருந்தா தூக்கி எறிஞ்சிருப்பாங்க." இருவரும் முழங்காலிட்டார்கள். நானும் இட்டேன். பரலோக மந்திரம் சொன்னேன். கீழே வெறும் தரை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவர் வராத வருடமில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு வெல்டிங் சாமான்களோடு வந்துவிடுவார். பெட்டி தள்ளும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவார், கேட்டுக்குக் கீல் பற்றவைப்பார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். "பாப்பாவ பாத்துக்கிறீங்கல்ல சார், அது போதும்" என்பார். முனியப்பா ஒருமுறை என் காதருகே, "உங்களுக்கு யோகம் சார். திட்டு வாங்க வேண்டிய எடத்துல கும்பிடு வாங்குறீங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஸ்தனிஸ்லாஸ் நல்ல சாவு செத்தார். நோய்ப்பூசுதல் பெற்று, பிள்ளைகள் சூழ்ந்திருக்க. அவருக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஒதுக்கியவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அருளப்பன் எப்போதாவது போன் செய்வார். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். இந்த வருடத் தொடக்கத்தில் லூர்து இறந்த செய்தி வந்தது. அவர்கள் பங்கில் இப்போது சொந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கேயே அடக்கம். நான் போகவில்லை, முழங்கால் வலி என்று சொன்னேன். சில மாதம் கழித்து மறுபடி போன் வந்தது.

"சார், தோட்டத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. செவுத்துக் கல்லறை கட்டப் போறாங்களாம், மதில் ஓரமெல்லாம் காலி பண்றாங்களாம். வேணும்கிறவங்க எலும்ப எடுத்துக்கலாம்னு போட்டிருக்கு."

"அப்படியா?"

"எனக்கு அது நல்லதாப் போச்சு சார். லூர்து கடைசியா அதத்தான் சொன்னா. பாப்பாவ எடுத்து என் பக்கத்துல வைய்யினு. சாமியார்கிட்ட பேசிட்டேன். வர்ற மாசம் எடுக்கலாம்னு இருக்கேன். நீங்க வந்து நிக்கணும் சார். நீங்கதான பத்திரமா வச்சீங்க."

வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அவர் தோண்டினால் மண்தான் வரும். அன்று மாலையே முனியப்பாவைப் போய்ப் பார்த்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது, மகன்தான் இப்போது குழி வெட்டுகிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"இதுக்கா சார் சும்னே தல கெடுத்துக்கிறீங்க? பொதுக் குழி பலகைய நகர்த்தி, சின்னதா ரெண்டு மூணு எலும்பு எடுத்து, துணியில கட்டி அந்த மேட்டுக்குள்ள வச்சுட்டாப் போச்சு. பையன்கிட்ட சொல்றேன். அந்த ஆளு எடுத்து ஒக்காந்து அழுதுட்டுப் போவாரு. அவருக்கும் மனசு ஆறும், உங்களுக்கும் ஆறும்."

"பாப்பாவோடது கிடைக்குமா?"

"யாருக்குத் தெரியும் சார்? எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. எலும்புல பேரா எழுதியிருக்கு?"

சரி என்று சொன்னேன். பணமும் கொடுத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே அது கருணைபோலத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு கிழவனின் மனம் ஆறுகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. தோட்டத்து விதிப்படியும் இன்று எந்தத் தப்புமில்லை; பத்து வருடக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இந்தக் கருணைக்கு ஒரு சாமியாரின் வாயால் சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முதல்முறையாக வகையை விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். குழந்தையின் பெயர், கவுன், மேடு, கவர், எல்லாம். கடைசியில், "அந்த எலும்ப வைக்கிறது அன்பினால செய்யற காரியம்தானே சாமி?" என்று கேட்டேன்.

உள்ளே இருந்தவர் புதிதாக வந்த இளம் சாமியார்.

"யார்மேல அன்பு?" என்றார்.

தட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

"ஐயா, மூணு அருள் நிறைந்த சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பினா உங்களுக்குச் சுலபம். எனக்கும் சுலபம். ஆனா யாரோ ஒருத்தர் எலும்ப அவர் தன் பொண்ணுன்னு மடியில வச்சுக்கப் போறார். அதுக்கு நான் எப்படி சம்மதம் குடுக்க முடியும்? அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. பாவமன்னிப்பு அப்புறம்."

முனியப்பாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "பணம் திருப்பித் தரமாட்டேன் சார்" என்றார். நியாயம்தான்.

ஹெப்பகோடிக்குப் போனேன். சந்துக்குள் மூன்றாவது மாடி, அதே ஒற்றை அறை. கம்பெனியிலிருந்து நின்றுவிட்டாராம், கண் பார்வை குறைந்துவிட்டது. என்னைக் கண்டதும் பதறி, கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார். காபி போடப் போனவரைத் தடுத்தேன். குடித்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன்.

நான் முடித்த பிறகு, கீழே சந்தில் ஒரு தள்ளுவண்டிக்காரன் கன்னடத்தில் தக்காளி விலை கூவிக்கொண்டு போனான். அவன் போகும்வரை காத்திருந்ததுபோல் பேசினார்.

"அப்ப நாங்க இத்தன வருஷமா யார்கிட்ட சார் பேசிட்டு இருந்தோம்?"

அவர் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

"லூர்து ஒவ்வொரு தடவையும் அங்க ஒக்காந்து பேசுவா. ஸ்கூல்ல கூடப் படிச்ச பிள்ளைங்க என்ன பண்றாங்க, யாருக்குக் கல்யாணம் ஆச்சுன்னு. நீங்க அங்கதான நிப்பீங்க. கேட்டிருப்பீங்களே."

கேட்டிருக்கிறேன். தலையாட்டினேன்.

"எவ்ளோ சார்?"

முதலில் புரியவில்லை. "என்ன?"

"அந்த எடத்துக்கு. எவ்ளோ வாங்கினீங்க?"

"மொத்தம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. என் பங்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்."

அவர் தொகையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நல்லது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே சார்" என்றார். "பாப்பா பேர்ல சீட்டு கட்டிட்டு இருந்தோம். அவ போனப்புறமும் நிறுத்தல, நிறுத்த மனசு வரல. நீங்க எடத்த மாத்தின வருஷம்தான் சீட்டு முடிஞ்சு கிட்டத்தட்ட அவ்ளோ வந்துச்சு. எடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம சும்மா கெடந்துச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்போமே."

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். இப்போது அவர் உட்காரச் சொல்லவில்லை.

"என்ன மன்னிச்சிடுங்க அருளப்பன்."

"அத சாமியார்கிட்ட கேளுங்க சார். அவருக்குத்தான் அது வேல." எழுந்து கதவருகே போனார். "எனக்கு ஒண்ணு பண்ணுங்க. கல்லறைத் திருநாள் அன்னைக்கு நீங்க தோட்டத்துல இருக்கக் கூடாது. நான் வருவேன். அந்தப் பொதுக் குழிக்கிட்ட நான் நிக்கணும். உங்கள அங்க பாத்தா எனக்கு ஜெபம் வராது."

"என் வீட்டுக்காரி கல்லறையும் அங்கதான் இருக்கு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"தெரியும் சார். அவங்க அவங்க எடத்துலயே இருக்காங்க. மறுநாள் போய்ப் பாருங்க."

அடுத்த நாளே அவர் தோட்டத்துக்கு வந்து, யாரையும் கேட்காமல் சிலுவையைப் பெயர்த்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். முனியப்பாவின் மகன் சொன்னான். எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியாது.

நான் திரும்பவும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் பாவமன்னிப்பு கொடுத்தார். அந்த வாசகம் எனக்குச் சிறுவயதிலிருந்து மனப்பாடம். அதைக் கேட்டால் உடம்பு லேசாகும் என்பது என் அனுபவம். இந்தமுறை ஆகவில்லை. கடவுள் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். அது என் விசுவாசம். ஆனால் கடவுளின் மகளை நான் தோண்டி எடுக்கவில்லை.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு என் பிள்ளைகள் பூ வாங்கிக்கொண்டு தங்கள் அம்மாவைப் பார்க்கப் போனார்கள். "அப்பா, கிளம்பலையா?" என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். கால் வலி என்றேன். மறுநாள் மெட்ரோவில் தனியாகப் போனேன். மெழுகு உருகி வழிந்த கறைகளும் வாடிய சாமந்தியுமாக இருந்தது தோட்டம். குப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது. மனைவியின் கல்லறையில் சிறிது நேரம் நின்றேன். அங்கிருந்து பம்ப் அறை தெரியும். அதற்குப் பின்னால் அவர் பூ வைத்தாரா, வத்தி ஏற்றினாரா என்று போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவர் எனக்குத் தடை சொன்னது முந்தின நாளுக்கு மட்டும்தான்.

போகவில்லை. அங்கே போய் நிற்பதற்கு அவரிடம் கேட்க வேண்டும். பாப்பாவை எடுத்த அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டால் அவர் முடியாது என்பார்.